ஐயோ சொல்லாத ஜெயமலர்

ஜெயமலருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் வந்து இது என்ன கூத்து என்று கேட்கக் கூடாது. கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் அவள் போக்குவரத்து எல்லாம் பேருந்தில்தான். லைசென்ஸ் எடுக்கப் போகாமல் இல்லை. கடைசியாகப் போன அன்று, தடம் மாறும்போது பக்கத்தில் ஒரு பாரவண்டி ஹோர்ன் அடித்தது. ஜெயமலர் "ஐயோ" என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பரீட்சை வைத்தவர் நல்ல மனிதர். காரை ஓரமாக நிறுத்தியபின் அவளுக்குத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கொடுத்துவிட்டு, நடந்தே போய்விட்டார்.

அந்த ஜெயமலர்தான், தன் மகள் தக்ஷிகா கார்ப் பந்தயம் ஓடும்போது கூரையில் ஏறி நின்று வழி சொல்கிறவள்.

கார்ப் பந்தயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்ரொக் கார் எனப்படும், கூரை மூடிய பந்தயக் காரை ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. தலையையும் தோளையும் இருக்கையோடு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கழுத்தைத் திருப்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு காருக்கும் ஒருவர், பார்வையாளர் மேடைக்கு மேலே கூரையில் நின்று, ஓட்டுகிறவரின் காதுக்குள் ரேடியோவில் பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே ஒருவன், வெளியே ஒருவன், இப்போது யாரும் இல்லை, வரலாம். உள்ளே என்றால் பாதையின் உள் ஓரம், கீழ்ப்பக்கம்; வெளியே என்றால் மதில் ஓரம், மேற்பக்கம். அவருக்கு ஸ்பொட்டர் என்று பெயர். அவர் சொன்னால் சொன்னதுதான். பார்த்துவிட்டுத் திருப்புகிறேன் என்று இருந்தால் கார் மதிலில் இருக்கும்.

முதலில் அந்த வேலையைச் செய்தது அவளுடைய கணவர் கோணேஸ்வரன். திருகோணமலைக்காரர், ட்றக் ஓட்டுகிறவர். மகளைச் சின்ன வயதிலேயே சிறுவர் கார் ஓட்டும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கியவரும் அவர்தான். அவருக்கு வன்கூவர் வரை போகும் ஓட்டம் கிடைத்ததும் சனிக்கிழமைகளில் கூரை வெறுமையானது. கூரையில் ஆள் இல்லாவிட்டால் காரை ஓடவிட மாட்டார்கள். குழுத் தலைவர் கஸ்பர் சுற்றும் முற்றும் பார்த்தார். இடியப்பப் பெட்டியோடு ஜெயமலர் நின்றாள். ஹெட்செட்டைக் கொண்டுவந்து அவள் தலையில் மாட்டிவிட்டார்.

கஸ்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் நம்மவர்தான், ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெரிய உருவம், சின்னக் குரல். அவருடைய வீட்டுக் கராஜ்தான் குழுவின் தலைமையகம். அன்று அவர் ஆள் இல்லாத குறைக்குத்தான் ஜெயமலரை ஏற்றினார். பந்தயம் முடிந்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவள் ஒரு காரைக்கூடத் தவறவிடவில்லை. இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கோணேஸ்வரனுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்து, "வலப்பக்கம் ஒருத்தன் வாறான், பின்னால ஒரு பஸ், இப்ப ஒருத்தருமில்லை, எடுங்கோ" என்று அவள் சொல்லிச் சொல்லி, அந்த மனிதர் பக்கக் கண்ணாடி பார்ப்பதையே மறந்துவிட்டார். நம் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் இந்த வேலையைச் சம்பளமில்லாமல்தானே செய்கிறார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, போன யூலை வரைக்கும்.

அன்று ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஓடுபாதை. தூரத்து வளைவில் யாரோ ஒருவனுடைய கார் சுற்றியது. அதற்கும் தக்ஷிகாவுக்கும் நடுவே பாதி மைதானம் இருந்தது. "தூரத்தில ஒண்டு சுத்தீட்டுது, நீ வா" என்று சொன்னால் போதும். ஆனால் ஜெயமலரின் விரல் ரேடியோப் பொத்தானில் இருந்தது. வாயில் எப்போதும் இருப்பது வந்துவிட்டது.

"ஐயோ!"

தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அம்மாவின் ஐயோ என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கை எதைப் பிடித்திருந்தாலும் விட்டுவிடும். கால் எங்கே நின்றாலும் நின்றுவிடும். தக்ஷிகாவின் கால் அக்சிலரேற்றரை விட்டு எழும்பியது. பின்னால் வந்தவன் என்ன செய்வான், பாவம். முட்டினான். தக்ஷிகாவின் கார் பக்கவாட்டாகப் போய் மதிலில் மோதியது. காறை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் தக்ஷிகா சிரித்தபடிதான் இருந்தாள். "அம்மா, இட்ஸ் ஓகே. சீரியஸ்லி. எல்லாருக்கும் நடக்கிறதுதானே."

வெளியே தாழ்வாரத்தில் கஸ்பர் ஜெயமலரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ அண்ணை."

"சின்ன ஓட்டம் எண்டபடியா எலும்போட போச்சு. வாற வருசம் அமெரிக்காவில பெரிய ஓட்டம் ஒண்டுக்கு எங்கட காருக்கு இடம் கிடைக்கும் போல இருக்கு. சூப்பர் ஸ்பீட்வே எண்ட பெரிய பாதை. நாப்பது கார் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு போகும். ஒருத்தரும் காலை எடுக்க மாட்டினம். ஒரு ஆள் காலை எடுத்தா, பின்னால இருபது கார் சிதறும். அங்க உங்களை ஏத்த ஏலாது. சம்பளத்துக்கு ஒரு அமெரிக்கனைப் பிடிக்கிறன்."

"சரி அண்ணை" என்றாள் ஜெயமலர். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அதோடு விட்டிருப்பாள். செப்டெம்பரில், எலும்பு கூடியபின், தக்ஷிகா மறுபடியும் சின்னப் பாதையில் ஓடிய அன்றுதான் வேறொன்று தெரிந்தது. கூரையில் நின்று ஜெயமலர் பொத்தானை அமுக்கினாள். அவள் வாய் திறக்கும் முன்னமே, ரேடியோ 'கிளிக்' என்றதும், கீழே அந்தக் காரின் இயந்திரச் சத்தம் ஒரு கணம் இறங்கி மறுபடி ஏறியது. முதலில் தற்செயல் என்று நினைத்தாள். அடுத்த சுற்றிலும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த சுற்றிலும் நடந்தது.

அம்மாவின் குரல் வரப்போகிறது என்றாலே பிள்ளையின் கால் எழும்புகிறது. தக்ஷிகாவுக்கே அது தெரியாது. கேட்டால் இல்லை என்று சத்தியம் பண்ணுவாள். மார்க்கம் நகரில் ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்க யாருக்கும் பயப்படாமல் வேலை பார்க்கிற பிள்ளை. ஆனால் அந்தப் பயம் காலுக்குள் போய் இருந்துவிட்டது. அமெரிக்கன் வந்து கூரையில் நின்றாலும் அது போகாது. எங்கேயாவது புகை கண்டால், யாராவது சத்தம் போட்டால், அந்தக் கால் எழும்பும். சூப்பர் ஸ்பீட்வேயில் அப்படி எழும்பினால் என்ன நடக்கும் என்று கஸ்பர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் ஜெயமலருக்குத் தன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பயத்தை வைத்தவள் நான், எடுக்க வேண்டியவளும் நான் என்று முடிவெடுத்தாள். கஸ்பருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, எனக்குத் தை மாதம் வரைக்கும் தாங்கோ. அதுக்குள்ள நான் அந்தச் சொல்லை விட்டிடுறன். விடாட்டி ஹெட்செட்டை நானே கழட்டி உங்கட கையில தருவன்."

கஸ்பர் சிரித்தார். "பிறந்த நாள் தொடக்கம் சொல்லுற சொல்லை எப்பிடித் தங்கச்சி விடுவியள்?"

"எப்பிடி எண்டு தெரியாது. விடுவன்."

அந்தச் சொல் அவளிடம் சும்மா வந்து ஒட்டிக்கொண்டதல்ல. சுன்னாகத்தில் சிறுமியாக இருந்தபோது, விமானச் சத்தம் கேட்டதும் யாராவது ஒருவர் "ஐயோ" என்பார். அதைக் கேட்டவுடன் சோற்றுக் கையோடும் ஈரத் தலையோடும் எல்லோரும் பதுங்கு குழிக்கு ஓடுவார்கள். ஏன், எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றவர்கள் பிழைக்கவில்லை. அங்கே அந்தச் சொல் உயிரைக் காப்பாற்றியது. கனடாவுக்கு வந்தபின் அதற்கு வேலை இல்லாமல் போனது. ஆனாலும் பால் பொங்கினால் ஐயோ, பேருந்து போய்விட்டால் ஐயோ, யாராவது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாவிட்டால் ஐயோ. மூச்சு விடுவதுபோல அது தானாக வரும். அதைத்தான் விடப்போகிறாளாம்.

வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது. ஜெயமலர் எதிர்பாராத நேரத்தில் அவளுக்குப் பின்னால் வந்து எவர்சில்வர் கோப்பையை நிலத்தில் போட வேண்டும். கோணேஸ்வரன் ட்றக் ஓட்டம் முடிந்து வந்து நிற்கும் நாட்களில் இந்தக் கடமையை மிகுந்த சந்தோசத்தோடு செய்தார். இத்தனை வருடம் பக்கத்து இருக்கையில் இருந்து வாங்கிய அதட்டலுக்கெல்லாம் சேர்த்துக் கணக்குத் தீர்க்கிறார் என்று தக்ஷிகா சொன்னாள். முதல் மாதம் முழுக்க ஐயோதான். ஒருநாள் அவள் உளுந்து அரைத்துக்கொண்டிருக்க, கோணேஸ்வரன் பெரிய சருவச்சட்டியையே போட்டார். "ஐ—" என்றதோடு ஜெயமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். பாதி குறைந்துவிட்டது என்று அன்று வீட்டில் பாயசம்.

வாயை அடக்கினால் மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். பயப்படுகிற நேரத்தில் வாய்க்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். பேக்கரித் தொழிற்சாலையில் அவளுடைய வேலை பின்னேரம் மூன்று மணிக்கு முடியும். பேருந்துக்குப் போகும் வழியில் நானூற்றொன்று என்ற நெடுஞ்சாலைக்கு மேலாக ஒரு பாலம். அதன் நடுவில் நின்று கீழே பார்த்தால் எத்தனை தடம் என்று எண்ணி முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். அங்கே நின்றுகொண்டு ஜெயமலர் ஏதாவது ஒரு காரைத் தெரிவு செய்வாள். அதைத் தன் மகளின் கார் என்று வைத்துக்கொண்டு, அது கண்ணுக்கு மறையும் வரை சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"உள்ளுக்கு ஒண்டு. இன்னும் உள்ளுக்கு. விட்டுது. வெளியில ட்றக். பின்னால ஒருத்தன் நெருக்கிறான், பரவாயில்லை, நீ போ. முன்னால வெள்ளை வான் உள்ள வரப்போகுது, மேல எடு."

யாராவது திடீரென்று குறுக்கே வெட்டுவான். அந்தச் சொல் தொண்டைக்கு வரும். உடனே அதற்கு மேலால் வேறொரு சொல்லைப் போடுவாள். மேல. கீழ. பிடி. விடு. மார்கழிக் குளிரில் மூக்கு விறைக்க, கை விறைக்க, நின்று சொன்னாள். பனி கொட்டிய நாட்களில் இன்னும் நல்லது, கார்கள் வழுக்கும் என்று சந்தோசப்பட்டாள். அடுத்தவன் கார் வழுக்குவதில் சந்தோசப்பட்ட பாவத்துக்கு, வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினாள்.

குளிரில் பாலத்து நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்து முணுமுணுக்கிற ஒரு பெண்ணை, அதுவும் தினம் தினம் பார்த்தால், ரொறன்ரோவில் யாராவது பொலிசுக்குத் தொலைபேசி எடுக்காமல் இருப்பார்களா? எடுத்தார்கள். இளம் பொலிஸ்காரன் ஒருவன் வந்தான். காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, பூனைக்கு அருகே போவதுபோல மெல்ல நடந்து வந்தான்.

"மேடம், நீங்கள் நலமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"நலம், நலம்" என்றாள் ஜெயமலர், கண்ணை எடுக்காமல். நீலக் கார் ஒன்றை அவள் பாதியில் விட முடியாது.

"உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

"ஒரு மகள்."

"அந்த மகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்."

"மகளை நினைத்துத்தான் இங்கே நிற்கிறேன்" என்றாள் ஜெயமலர். தன் ஆங்கிலத்தில் அவளுக்கு அது சரியாகத்தான் பட்டது. பொலிஸ்காரனின் முகம் வெளுத்துவிட்டது.

பிறகு அவன் தக்ஷிகாவுக்குத் தொலைபேசி எடுக்க, அவள் அலுவலகத்தில் எல்லோருக்கும் நடுவில் நின்று விழுந்து விழுந்து சிரித்து, விசயத்தை விளக்கி முடித்தாள். பொலிஸ்காரனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஜெயமலர் கீழே காட்டினாள். அந்தக் கறுப்பு வான் இப்போது இடப்பக்கம் வெட்டும் என்றாள். வெட்டியது. சாம்பல் கார் பிரேக் பிடிக்கும் என்றாள். பிடித்தது. அவன் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த முறை தடிப்பான கையுறை போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிப் போனான்.

சிரிப்பாகவே எல்லாம் முடியவில்லை. மார்கழிக் கடைசியில் மனோரஞ்சிதம் அன்ரி இறந்துபோனார். ஜெயமலர் அகதியாக வந்து இறங்கியபோது பார்க்டேலில் தன் ஒற்றை அறையில் அவளுக்குப் படுக்க இடம் கொடுத்தவர். முதல் குளிர்கால மேலங்கியை வாங்கிப் போட்டுவிட்டவர். தாய் இல்லாத இடத்தில் தாய். செத்தவீட்டு மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது பெண்கள் எல்லோரும் ஐயோ என்று கதறினார்கள். ஜெயமலர் கண்ணீர் ஓட ஓடப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. ஒரு தடவை விட்டால் திரும்பவும் பழையபடி ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தாள். பின்னால் யாரோ ஒருத்தி, கேட்கட்டும் என்றே சொன்னாள்: "கனடா வந்து எங்கட ஆக்களுக்கு நெஞ்சு கல்லாப் போச்சு. ஒரு ஐயோ கூட வரேல்லைப் பாருங்கோ, சோறு போட்ட மனுசிக்கு."

அது ஜெயமலருக்கு நெஞ்சில் அறைந்தது. அவளுக்கு அழுது புரள வேண்டும் போல இருந்தது. அன்ரிக்குக் கொடுக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதையும் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள். கோணேஸ்வரனின் காரில் வீட்டுக்குப் போனார்கள். வழியில் அவள், யார் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று சொல்லவில்லை. அன்றுதான் அந்த மனிதர் பல வருடத்துக்குப் பிறகு பக்கக் கண்ணாடி பார்த்து ஓட்டினார்.

தை பிறந்தது. கஸ்பரின் கராஜில் பரீட்சை நடந்தது. ஒரு பழைய பந்தயத்தைத் திரையில் ஓடவிட்டு, ஜெயமலர் ஹெட்செட்டோடு நின்று வழி சொல்ல வேண்டும். பாதியில் கஸ்பர், ஸ்பானரும் சுத்தியலும் நிறைந்த இரும்புப் பெட்டியைத் தூக்கி அவள் காலடியில் போட்டார். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது.

"வெளியில ஒண்டு" என்றாள் ஜெயமலர். "இன்னும் வெளியில. விட்டுது."

கஸ்பர் குனிந்து பெட்டியை எடுத்தார். "சரி தங்கச்சி" என்றார். "மேல ஏறுங்கோ. ஆனா கால் கதை வேற. அந்தப் பிள்ளையின்ர கால் என்ன செய்யும் எண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

உண்மைதான். வீட்டில் ஐயோ நின்றுபோனது தக்ஷிகாவின் காதுக்குத் தெரியும். காலுக்குத் தெரியுமா என்று அறிய ஓடித்தான் பார்க்க வேண்டும்.

சித்திரையில் எல்லை தாண்டித் தெற்கே போனார்கள். அந்த ஓடுபாதையை முதன்முதல் கண்டபோது ஜெயமலர் அண்ணாந்து பார்த்தாள். ஒரு சுற்றே நாலு கிலோமீற்றருக்கு மேல். வளைவுகள் வீட்டுக் கூரைபோலச் சரிந்து நின்றன. நடந்து ஏறினால் வழுக்கும். பார்வையாளர் மேடையின் உச்சியில், ஆகாயத்துக்குப் பக்கத்தில், ஸ்பொட்டர்கள் வரிசையாகத் தோளோடு தோள் நின்றார்கள். எல்லோரும் தடித்த வெள்ளைக்காரர்கள், கறுப்புக் கண்ணாடிக்காரர்கள். நடுவில் ஜெயமலர், தலையில் தொப்பி, தொப்பிக்குக் கீழே திருநீறு, கழுத்தில் தொலைநோக்கி. பக்கத்தில் நின்ற ரொய் என்பவர் அவள் பேசுவது என்ன மொழி என்று கேட்டார். சொன்னாள். தன் பெடியன் ஓட்டும் காரும் தக்ஷிகாவின் காரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றாள். பின்னால் வருவது மெல்லத் தள்ளினால் இரண்டுக்கும் வேகம் கூடும்; மேலே நிற்பவர்கள் இப்படித்தான் ஒப்பந்தம் செய்வார்கள். அது எழுத்தில் இல்லை, வாய்ச்சொல்தான்.

பச்சைக் கொடி அசைந்தது. நாற்பது கார்கள் ஒரே திரளாகக் கூரையை அதிரவைத்துக்கொண்டு போயின. ஜெயமலர் பேசத் தொடங்கினாள், பேசிக்கொண்டே இருந்தாள்.

"உள்ளுக்கு ஒண்டு. உன்ர காரின்ர அரைவாசியில நிக்கிறான். அப்பிடியே பிடி. விட்டுது. பின்னால ரொய்யின்ர பெடியன், தள்ளுவான், தள்ள விடு."

தக்ஷிகா அவ்வப்போது ஒரு சொல்லில் பதில் தந்தாள். "கொப்பி", அதாவது கேட்டது. "ஓகே." பந்தயம் பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது. முதல் இருபதுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். இந்த இரைச்சலில் ஒரு காரின் சத்தத்தை மட்டும் தனியே பிரித்துக் கேட்க முடியாது. பொத்தானை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் கால் எழும்புகிறதா இல்லையா என்று தெரியாமலே ஜெயமலர் அமுக்கினாள். அதுதான் அவளை வதைத்தது.

முடிய இன்னும் கொஞ்சச் சுற்றுகள் இருக்கும்போது நடந்தது. தூரத்து வளைவில், கூட்டத்தின் முன்னால், இரண்டாவதாக ஓடியவனைப் பின்னால் வந்தவன் கொஞ்சம் பிசகாகத் தட்டினான். அவ்வளவுதான். கார்கள் சிதறின. ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியது. கரும்புகையும் வெண்புகையும் பாதையை மூடின. கூரை முழுவதும் ஒரே கூச்சல். ரொய் தன் பெடியனுக்கு நில் நில் என்று கத்தினார். தக்ஷிகா நேராக அந்தப் புகையை நோக்கி, மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

கீழ்ப்பக்கம் அடைபட்டுவிட்டது, அங்கே கார்கள் குவிந்து கிடந்தன. மேற்பக்கம் மதிலோடு ஒரு சிவப்புக் கார் மோதிச் சுழன்றுகொண்டிருந்தது. ஜெயமலர் அந்தச் சிவப்புக் காரைப் பார்த்தாள். சரிந்த பாதை. மோதிய கார் மேலே நிற்காது, கீழே உருளும். தக்ஷிகா அங்கே போய்ச் சேரும்போது அது அங்கே இருக்கக் கூடாது. இருந்தால்?

அந்தச் சொல் வந்தது. வயிற்றிலிருந்து எழும்பி, நெஞ்சைத் தாண்டி, தொண்டை வரைக்கும் முழுசாக வந்தது. சுன்னாகத்து வானத்தின் கீழே வந்ததுபோல வந்தது.

ஜெயமலர் பொத்தானை அமுக்கினாள்.

"மேல. மதிலோட போ. சிவப்புக் காரைப் பாத்து நேரா போ. காலை எடாதை. மிதி, பிள்ளை, மிதி."

மகளைப் புகைக்குள் அனுப்பினாள். கார் புகைக்குள் போனது. பிறகு கூரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தொலைநோக்கியில் வெள்ளையாக ஒரு சுவர் மட்டும். ஒன்றும் தெரியாத அந்த நேரத்திலும் அவள் வாய் மூடவில்லை. "மேல. மேலயே பிடி. மிதி. நான் இருக்கிறன். மிதி." யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள், அவள் தட்டிவிட்டாள்.

புகையின் மற்றப் பக்கத்திலிருந்து முதலில் ஒரு கார் வந்தது. இரண்டாவதாக ஒன்று. மூன்றாவதாக, பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல், தக்ஷிகா.

சிவப்புக் கொடி காட்டினார்கள். பாதையைக் கூட்டித் துப்புரவாக்கும் வரை, மிச்சமிருந்த கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. சிவப்புக் கார்க்காரன் தன் காலால் இறங்கி நடந்து கையசைத்தான். ஜெயமலர் கூரைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவில் தக்ஷிகா பேசினாள்.

"அம்மா. நான் காலை எடுக்கேல்லை."

ஜெயமலர் கன்னத்தைத் துடைத்தாள்.

"தெரியும் பிள்ளை. எடுத்திருந்தா நீ வந்திருக்க மாட்டாய்."

"பின்னுக்கு ரெண்டு பேர் பிரேக் பண்ணினவை. ஐ சோ தெம், மிரர்ல. எனக்கும் எடுக்கோணும் போல இருந்தது. நீங்கள் மிதி எண்டு சொன்னீங்கள், சோ." உடனே கேட்டாள். "நீங்கள் இடைவெளியைக் கண்டுதானே சொன்னீங்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம். எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். ஆனால் இந்தக் காதுக்குள் இனிமேல் பொய் போகக் கூடாது என்று ஜெயமலர் நினைத்தாள்.

"இல்லைப் பிள்ளை. காணேல்லை. சிவப்புக் கார் கீழ உருளும் எண்டு நினைச்சன்."

"நினைச்சீங்களா?"

"ஓம்."

தக்ஷிகா சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் பாதிப்பாதி. நடுவில் கஸ்பரின் சின்னக் குரல் ரேடியோவில் வந்தது. "தாயும் மகளும் பிறகு கதையுங்கோ. எனக்கு ஹார்ட் நிக்கப் போகுது."

அவள் எத்தனையாவது வந்தாள் என்றுதான் மறுநாள் ஸ்காபரோவில் எல்லோரும் கேட்டார்கள். ஒன்பதாவது. நல்ல இடம்தான், கஸ்பருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கேட்டவர்களுக்கு அது போதும். ஜெயமலரும் அதைத்தான் சொன்னாள். ஒன்பதாவதாக வருவதற்கு முன்னால் நடந்ததை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

சிவப்புக் கொடியை எடுத்துவிட்டார்கள். கார்கள் மறுபடி இயந்திரம் உயிர்த்து, இரண்டிரண்டாக மெல்ல ஊர்ந்தன. இன்னும் இரண்டு சுற்றுத்தான். எல்லோரும் வெறியோடு ஓடும் இரண்டு சுற்று. ஜெயமலர் கம்பியைப் பிடித்து எழும்பி நின்றாள். பொத்தானில் விரலை வைத்தாள். அவள் பேசுமுன் தக்ஷிகாவின் குரல் வந்தது. மார்க்கம் அலுவலகத்துக் குரல் அல்ல. சின்ன வயதில் இருட்டறையிலிருந்து கூப்பிடும் குரல்.

"அம்மா, பயமா இருக்கா?"

"ஓம்" என்றாள் ஜெயமலர். "சரியான பயம். உனக்கு?"

"எனக்கும்."

"சரி. உள்ளுக்கு ஒண்டு, வெளியில ஒருத்தருமில்லை. பச்சைக் கொடி காட்டுறாங்கள். மிதி."